மத்தியானத்துக்கு ஒரு பேட்டரி சைக்கிள்

ஆயுத பூஜையன்று பட்டறையில் இருந்தவர்கள்:

முதலாளி. வெள்ளை வேட்டி, நெற்றியில் குங்குமம். கன்னடக்காரர். எங்களோடு தமிழ் பேசுவார். கோபம் வந்தால் கன்னடம்.

பாய். இரும்பு கடைகிற பெரிய லேத்தில் நிற்பவர். அந்த லேத்தை வேறு யாரும் தொடுவதில்லை. பூஜைக்கு முந்தின நாளே துடைத்து, எண்ணெய் போட்டு, மாலையும் அவரே மாட்டிவிடுவார்.

வெல்டர். எங்களில் சின்னவன். வாய் ஓயாதவன்.

பக்கத்து வாட்டர் சர்வீஸ்காரர். ஸ்கூட்டர், மோட்டார் சைக்கிளுக்குப் பைப்பில் தண்ணீர் பீய்ச்சிக் கழுவித் தருகிறவர்.

பூசாரி. அடுத்த பட்டறைக்கு நேரமாகிறது என்று நின்றவாக்கில் மணி அடித்துக்கொண்டிருந்தார்.

நான்.

என் பேட்டரி சைக்கிள்.

சைக்கிளை ஆளோடு சேர்த்துச் சொல்லக் கூடாதுதான். ஆனால் அன்று அதற்கும் மாலை போட்டிருந்தார்கள். மற்ற வண்டிகளைவிட அதுதான் பளபளவென்று இருந்தது.

எங்கள் பட்டறை அல்சூரில், ஏரிக்குப் போகிற வழியில் ஒரு சந்துக்குள் இருந்தது. வீடு நீலசந்திராவில். ஒரு அறை, ஒரு சமையல் இடம், சந்தைப் பார்த்து ஒரு ஜன்னல். நானும் என் மனைவியும். பிள்ளை இல்லை.

அதற்கு முந்தின வருடம் ஆடி மாதம், குழாயடியில் குடத்தைத் தூக்கும்போது அவள் விழுந்தாள். குடம் உருண்டு எதிர் வீட்டு வாசலில் போய் நின்றது. ஆட்கள் தூக்கினார்கள். ஆஸ்பத்திரியில் ரத்தக் குழாய் அடைப்பு என்றார்கள். வலது பக்கம் முழுதும் போய்விட்டது. பேச்சும் போய்விட்டது. இடது கை மட்டும் நன்றாக இருந்தது. நாங்கள் பேசுவது அவளுக்குப் புரிந்தது.

வீட்டுக்குக் கொண்டுவரும்போது நர்சம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். ஒரே பக்கமாகப் படுக்கவிடாதே, முதுகு வெடித்துவிடும், புண் வந்தால் ஆறாது என்றார். மத்தியானம் கட்டாயம் திருப்பிப் போட வேண்டும். ஆளைத் தூக்க வேண்டாம், அடியில் இருக்கிற போர்வையை இழு, ஆள் தானாகத் திரும்பும் என்று செய்து காட்டினார். எனக்கு அது உதவியாக இருந்தது. எனக்குக் குடலிறக்கம் வந்து ஆபரேஷன் ஆகியிருந்தது. பாரம் தூக்கக் கூடாது. மேட்டில் சைக்கிள் மிதிக்கக் கூடாது என்றும் சொல்லியிருந்தார்கள்.

தங்கவயலிலிருந்து என் மச்சான் வந்தான். மனைவியின் தம்பி. சுரங்கம் மூடின பிறகு வீட்டில் தையல் மெஷின் போட்டு உட்கார்ந்துவிட்டவன். அவன் பெண்டாட்டியும் பகல் முழுதும் வீட்டில் இருப்பவள். அக்காவை எங்களோடு அனுப்பு என்றான். நியாயமாகத்தான் கேட்டான். என் வீட்டில் பகலில் யாரும் இல்லை.

என் மனைவி கேட்டுக்கொண்டிருந்தாள். இடது கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். மச்சான் விரல்களை எடுத்துவிடப் பார்த்தான். அவள் விடவில்லை. அவனும் பிறகு இழுக்கவில்லை.

வெளியே சந்தில் நின்று பீடி பற்றவைத்தான்.

"சரி மாமா. தினம் மத்தியானம் நீ வந்து பாக்கற வரைக்கும் அக்கா இங்கயே இருக்கட்டும். என்னைக்கு உன்னால முடியலயோ, எனக்கு ஒரு போன் போடு. நானா வந்து கேக்க மாட்டேன்."

சரி என்றேன்.

மத்தியானம் என்பது எங்களுக்கு ஒன்றிலிருந்து இரண்டு. அந்த ஒரு மணி நேரத்தில் நீலசந்திரா போய்த் திரும்ப வேண்டும். பழைய சைக்கிளை மிதித்தால் போகவரவே முக்கால் மணி போய்விடும். அல்சூரிலிருந்து ட்ரினிட்டி சர்க்கிள் வரைக்கும் மேடு. மூன்று மாதம் அப்படித்தான் மிதித்தேன். மேட்டில் இறங்கித் தள்ளுவேன். வீட்டில் கிடைப்பது கால் மணி. திருப்புவதா, துணி மாற்றுவதா, சாதம் ஊட்டுவதா. ஏதாவது ஒன்று நின்றுபோகும். அநேகமாக நான் சாப்பிடுவது நிற்கும்.

பக்கத்து வீட்டம்மா நல்ல மாதிரி. காலையில் ஒருமுறை வந்து தண்ணீர் கொடுத்துவிட்டுப் போவார். துணி மாற்றவும் தயார் என்றார். ஆனால் அந்தம்மா கை வைத்தால் இவள் உடம்பை இறுக்கிக்கொள்வாள். பாதி உடம்புதான் இறுகும். மீதி அப்படியே கிடக்கும். அந்தம்மா ஒருநாள் அழுதுவிட்டார். அதன் பிறகு நான் கேட்கவில்லை.

பேட்டரி சைக்கிள் பற்றிச் சொன்னது பாய்தான். ஜே.சி. ரோடு பக்கம் ஒரு கடையில் பார்த்தாராம். மிதித்தால் மோட்டார் கூடச் சேர்ந்து தள்ளுமாம். மிதிக்காவிட்டாலும் போகுமாம். வா அண்ணா, பார்த்துவிட்டு வரலாம் என்று தன் ஸ்கூட்டரில் கூட்டிப்போனார்.

கடைக்காரர் எல்லாம் சொன்னார். லைசென்ஸ் வேண்டாம். நம்பர் வேண்டாம். பெட்ரோல் வேண்டாம். ராத்திரி பிளக்கில் போட்டால் காலையில் ரெடி. மழையில் ஓட்டலாமா என்று பாய் கேட்டார். தாராளமாக ஓட்டலாம் என்றார். நான் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கச் சொன்னார்கள். கடை எதிரே ஒரு மேடு இருந்தது. ஏறினேன். வயிற்றில் ஒன்றும் இழுக்கவில்லை. திரும்பி வந்து சரி என்றேன். சீட்டுப் பணம் எடுத்து வாங்கினேன்.

பார்க்கப் பெண்பிள்ளைகள் ஓட்டுகிற சைக்கிள் மாதிரி இருக்கும். முன்னால் கூடை. சீட்டுக்கு அடியில் பேட்டரிப் பெட்டி. பின்சக்கரத்தின் நடுவில் மோட்டார். அதற்கு மேலே சின்ன கறுப்புப் பெட்டி ஒன்று, வயர்கள் எல்லாம் அதற்குள் போகும். ஹாண்டிலில் மீட்டர். வேகமும் காட்டும், ஓடின தூரமும் காட்டும்.

பட்டறையில் ஒரு வாரம் சிரித்தார்கள். வெல்டர் தினமும் வாசலில் நின்று, "அண்ணா, காலேஜுக்கு லேட் ஆச்சா?" என்பான். கூடையில் பூ வைத்துவிடுவான். அந்தப் பூவை எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோவேன். மனைவி தலைமாட்டில் வைப்பேன்.

ட்ரினிட்டியில் ஒரு டிராஃபிக் போலீஸ்காரர் நிறுத்தினார். இது சைக்கிளா ஸ்கூட்டரா என்று கன்னடத்தில் கேட்டார். சைக்கிள் என்றேன். சைக்கிள் எங்கேயாவது மிதிக்காமல் மேடு ஏறுமா என்றார். நம்பர் எங்கே என்றார். சைக்கிளுக்கு எதற்கு நம்பர் என்றேன். மிதித்துக் காட்டு என்றார். மிதித்துக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அவரே ஏறி ஒரு சுற்று சுற்றிவந்தார். தொப்பியோடு, பெரிய தொப்பையோடு. ரோட்டில் போன ஆட்டோக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். அதற்கப்புறம் அவர் என்னை நிறுத்தவில்லை. மெட்ரோவுக்குத் தோண்ட ஆரம்பித்த பிறகும், ஒரு மணிக்கு நான் வருவதைப் பார்த்தால் தகர மறைப்புக்குப் பக்கத்தில் இருக்கிற சந்து வழியாக என்னைக் கைகாட்டி விட்டுவிடுவார். மற்றவர்கள் சுற்றிப் போக வேண்டும்.

போக ஒரு கால் மணி. வர ஒரு கால் மணி. நடுவில் அரை மணி அவளுக்கு.

உள்ளே போனதும் போர்வையை இழுத்துச் சுவர்ப்பக்கம் திருப்புவேன். துணி மாற்றுவேன். முதுகைப் பார்ப்பேன். பவுடர் போடுவேன். ரசம் சாதத்தைக் குழைத்து ஊட்டுவேன். நின்றபடி நானும் சாப்பிடுவேன். பேச்சு ஒன்றும் இருக்காது. முன்பும் நாங்கள் அதிகம் பேசுகிறவர்கள் இல்லை. முதுகு சுத்தமாக இருந்தது. மாதம் ஒருமுறை நர்சம்மா பார்ப்பார். பரவாயில்லையே என்பார்.

பேட்டரி கனம். அதைக் கழற்றி உள்ளே தூக்கிவர என்னால் ஆகாது. அதனால் சைக்கிளைச் சந்தில் ஜன்னலுக்கு அடியில் நிறுத்திச் சங்கிலி போடுவேன். சார்ஜரை ஜன்னல் திட்டில் வைப்பேன். வயர் கம்பி வழியாக வெளியே போகும். சார்ஜரில் ஒரு சின்ன விளக்கு. ஏறும்போது சிவப்பு. நிறைந்தால் பச்சை. நிறைந்த பிறகும் விட்டுவைத்தால் பேட்டரி கெட்டுப்போகும், எடுத்துவிடு என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். நான் படுத்தால் செத்த மாதிரி தூங்குகிறவன். எப்படி எடுப்பது.

ஒருநாள் விடியற்காலை தட்டுகிற சத்தம் கேட்டது. அவள் இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டினாள். இரண்டு தட்டு. ஏதோ வேண்டும் என்று எழுந்தேன். அவள் ஜன்னலைப் பார்த்தாள். விளக்கு பச்சை. வயரை எடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டாள்.

அதிலிருந்து அது அவள் வேலை. ஏதாவது வேண்டுமென்றால் ஒரு தட்டு. பச்சை வந்துவிட்டது, வயரை எடு என்றால் இரண்டு. ஒருநாளும் தவறவில்லை. எப்போது தூங்கினாளோ தெரியாது. பகலில் தூங்கியிருப்பாள்.

பக்கத்து வீட்டம்மா இதைக் கேட்டுவிட்டு, "அண்ணா, உங்க வீட்டுல ரெண்டு பேரும் வேலைக்குப் போறீங்க" என்றார்.

இப்படி ஒரு தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால் ஆரம்பித்து அடுத்த ஆயுத பூஜை வரைக்கும் ஓடியது. மழையிலும் ஓட்டினேன். ஆஸ்டின் டவுன் இறக்கத்தில் முழங்கால் தண்ணீரில்கூட ஒருமுறை தள்ளிக்கொண்டு போனேன். ஒன்றும் ஆகவில்லை.

ஆயுத பூஜையன்று எங்கள் ஊரில் எந்த வண்டியும் கழுவாமல் இருக்காது. பஸ், லாரி, ஆட்டோ, தள்ளுவண்டி. எல்லாவற்றுக்கும் வாழைக்கன்று, மாலை. எங்கள் பட்டறையில் காலையில் மெயின் ஸ்விட்சை அணைத்துவிடுவார்கள். மெஷின்களுக்கு அன்று ஓய்வு. பூஜை முடிந்து, பூசணிக்காய் உடைத்து, பொரியும் ஸ்வீட்டும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.

முதலாளி என்னைப் பூசணிக்காயும் எலுமிச்சையும் வாங்கிவர அனுப்பினார். மார்க்கெட்டில் கூட்டம். நடந்து போய் நடந்து வந்தேன். வருவதற்குள் வாட்டர் சர்வீஸ்காரர் பைப்பை எங்கள் வாசல்வரை இழுத்துவந்து எல்லா வண்டியையும் கழுவி முடித்திருந்தார். காசு வாங்காமல். பண்டிகைக்கு அவர் செய்கிற மரியாதை அது. முதலாளியின் கார், பாயின் ஸ்கூட்டர், வெல்டரின் பழைய மொபெட். என் சைக்கிளையும் நடுவில் நிறுத்தி, நுரை போட்டு, அடி மேல் எல்லாம் பீய்ச்சிக் கழுவி, துடைத்து, சந்தனம் வைத்து, ஹாண்டிலில் வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். சக்கரக் கம்பி ஒவ்வொன்றும் மின்னியது. ஒரு வருடச் சேறு போயிருந்தது.

வெல்டர் சொன்னான். "எப்பிடிணா கீது? மாப்பிள்ளை மாதிரி இல்ல?"

நன்றாக இருக்கிறது என்றேன். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பூசாரி எல்லா வண்டிக்கும் கற்பூரம் காட்டினார். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சை வைத்தார்கள். அவரவர் வண்டியை ஸ்டார்ட் செய்து நசுக்கினோம். நான் சாவியைத் திருப்பினேன். சைக்கிள் சத்தமில்லாமல் ஏறி இறங்கியது. எல்லாரும் கை தட்டினார்கள்.

கூடையில் பொரிப் பொட்டலம் வைத்துக்கொண்டு கிளம்பினேன். மேட்டில் பாதி ஏறும்போது மோட்டார் ஒருமுறை இழுத்து விட்டது. மறுபடி இழுத்தது. ட்ரினிட்டிக்கு வரும்போது நின்றுவிட்டது. சாவியை அணைத்துப் போட்டேன். விளக்கு வரவில்லை. மீட்டர் கண்ணாடிக்குள் தண்ணீர் ஆவி மாதிரி படிந்திருந்தது.

போலீஸ்காரர் என்னைப் பார்த்தார். அவர் மோட்டார் சைக்கிளிலும் வாழைக்கன்று.

"கரெண்ட் ஹோய்தா?" என்றார். கரெண்ட் போய்விட்டதா என்று.

போய்விட்டது என்றேன். சிரித்தார். நானும் சிரித்தேன். தகரத்துக்குப் பக்கத்துச் சந்தில் தள்ளிக்கொண்டு போனேன். மோட்டார் இல்லாவிட்டால் அது சைக்கிள் இல்லை. ஒரு பீரோவைத் தள்ளுகிற மாதிரி. வீடு போய்ச் சேரும்போது சட்டை நனைந்திருந்தது.

அவளைத் திருப்பினேன். ஸ்வீட்டைக் கரைத்து நாக்கில் வைத்தேன். சாயங்காலம் வழக்கம்போல வயரைச் சொருகினேன். உடனே பச்சை எரிந்தது. பேட்டரி பக்கம் கரெண்ட் போகாவிட்டாலும் பச்சைதான் எரியும் என்று பிறகு பாய் சொன்னார். அன்று எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது.

இரண்டு தட்டுத் தட்டினாள்.

சரி என்று சொல்லி வயரை எடுத்தேன்.

விஜயதசமி, அதற்கடுத்த நாள் ஞாயிறு. திங்கள்கிழமை வெல்டர் தன் மொபெட்டில் வந்து, என் சைக்கிளைக் காலால் தள்ளிக்கொண்டே பட்டறைக்குக் கூட்டிவந்தான். பாய் லேத்தை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். பின்னால் இருந்த கறுப்புப் பெட்டியைக் கழற்றினார். சாய்த்தார். தண்ணீர் கொட்டியது. பிறகு நுரையும் கொஞ்சம் வந்தது. உள்ளே சர்க்யூட் பதித்த பச்சை அட்டை ஒரு மூலையில் கருகியிருந்தது.

முதலாளி கன்னடத்தில் ஏதோ ஆரம்பித்து நிறுத்திவிட்டார்.

வெல்டர் சொன்னான். "நான்தாண்ணா அடியில நல்லா அடிங்கன்னு சொன்னேன். சேறு பிடிச்சிருந்துது."

"மழையில ஓடின வண்டிதானப்பா" என்றேன்.

அவன் உள்ளே போய்விட்டான்.

கடைக்குத் தூக்கிப்போனோம். கடைக்காரர் பார்த்துவிட்டு, பைப்பில் அடித்தீர்களா என்று கேட்டார். மழை மேலேயிருந்து வரும், பைப் கீழேயிருந்து அடிக்கும், அது வேறு இது வேறு என்றார். இப்போது சொல்கிறீர்களே என்று பாய் அவரைப் பிடித்துக்கொண்டார். நான் பாயின் கையைத் தொட்டேன். விட்டுவிட்டார். அந்தப் பெட்டி இங்கே கிடைக்காது, வெளியிலிருந்து வர வேண்டும், ஒரு மாதம் ஆகலாம், கூடவும் ஆகலாம் என்றார்.

ஒரு மாதம்.

முதல் சில நாள் பாய் தன் ஸ்கூட்டரில் மத்தியானம் என்னைக் கொண்டுவிட்டார். அவர் சந்தில் நின்றுகொண்டிருப்பார். தொழுகைக்கும் போகாமல், சாப்பிடாமல். உள்ளே வாங்க என்றால் வரமாட்டார். என் மனைவி படுத்திருக்கும் அறைக்குள் எப்படி வருவது என்பது அவர் எண்ணம். எனக்கு அரை மணி எடுக்கக் கஷ்டமாக இருந்தது. பிறகு பீன்யா கம்பெனிகளுக்கு முடித்த வேலையைக் கொண்டுபோய்க் கொடுக்க அந்த ஸ்கூட்டர் தேவைப்பட்டது. முதலாளி இரண்டு நாள் காரில் அனுப்பினார். ஆட்டோவில் போனேன் கொஞ்ச நாள். பஸ் ஆகாது. சிவாஜிநகர் போய் மாற வேண்டும். முதலாளி, ஒரு மணி நேரம் அதிகம் எடுத்துக்கோ, என்ன செய்வது என்றார். ஆனால் வேலை நின்றது. நான் ஓட்டுகிற டிரில் மெஷினில் துளை போட்டால்தான் பாய்க்கு அடுத்த வேலை. அவர்கள் சொல்லவில்லை. எனக்குத் தெரியாதா.

வெல்டர் ஒன்று சொன்னான். அவனே மத்தியானம் போய் எல்லாம் செய்துவிட்டு வருவானாம். அம்மா மாதிரி நினைச்சுக்கறேண்ணா என்றான். வேண்டாம்ப்பா என்றேன்.

பழைய சைக்கிளை எடுத்தேன். மிதித்தேன். நாலைந்து நாள் ஓடியது. ஒருநாள் மேட்டில் வயிற்றின் அடியில் ஏதோ நழுவிய மாதிரி இருந்தது. கையை வைத்தால் முட்டை மாதிரி. அன்று வீட்டுக்குப் போய்ச் சேரும்போது இரண்டு மணி. அவள் நனைந்து கிடந்தாள். போர்வையை இழுத்தேன். வலியில் பாதியில் விட்டுவிட்டேன். அவள் பாதி திரும்பிக் கிடந்தாள். மறுபடி இழுத்தேன். முதுகில், இடுப்பு எலும்புக்கு மேலே, ஒரு ரூபாய் அளவு சிவந்திருந்தது. விரலால் அழுத்தினேன். நிறம் மாறவில்லை. அப்படி மாறாவிட்டால் புண் வருகிறது என்று அர்த்தம் என்று நர்சம்மா சொல்லியிருந்தார்.

அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். முகம் தெரியவில்லை.

பவுடர் போட்டேன். சாதம் ஊட்டினேன். வெளியே வந்து பெட்டிக்கடையில் இருந்த சிவப்பு போனில் காசு போட்டேன். மச்சான்தான் எடுத்தான். பின்னால் தையல் மெஷின் சத்தம் கேட்டது.

"வந்து கூட்டிட்டுப் போ" என்றேன்.

மெஷின் நின்றது.

"சைக்கிள் இன்னா ஆச்சு மாமா?"

"கழுவிட்டாங்க."

அவனுக்குப் புரிந்திருக்காது. ஞாயிற்றுக்கிழமை வரேன் என்றான்.

அவளிடம் அன்று சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் தலை வாரிவிடும்போது சொன்னேன். நாளைக்குத் தம்பி வரான். கொஞ்ச நாள் அங்கே இரு. வண்டி சரியானதும் கூட்டிவந்துவிடுகிறேன். கேட்டுக்கொண்டிருந்தாள். ஜன்னலைப் பார்த்தாள். சார்ஜர் திட்டில்தான் இருந்தது. வயர் இல்லாமல். விளக்கு எரியாமல்.

ஞாயிறு காலை மச்சான் ஒரு ஆம்னி வண்டியில் வந்தான். அவன் பெண்டாட்டியும் வந்தாள். பின் சீட்டைக் கழற்றி மெத்தை போட்டிருந்தார்கள். பக்கத்து வீட்டம்மா துணிகளை மடித்துக் கட்டிக் கொடுத்தார். பாய் வந்திருந்தார். வெல்டர் வந்திருந்தான். சந்தில் நின்றுகொண்டிருந்தார்கள்.

நான் அவள் ஜன்னல் கம்பியைப் பிடிப்பாள் என்று நினைத்தேன். பிடித்தால் என்ன செய்வது என்று யோசித்துவைக்கவில்லை.

பிடிக்கவில்லை. மச்சான் குனிந்து, "போலாமாக்கா?" என்றான். அவள் அவனைப் பார்க்கவில்லை. கட்டில் சட்டத்தைத் தட்டினாள்.

ஒரு தட்டு. இன்னொரு தட்டு.

மச்சானுக்கு அதன் அர்த்தம் தெரியாது. என்னைப் பார்த்தான். தூக்கு என்றேன்.

போர்வையின் நாலு மூலையையும் நாலு பேர் பிடித்தார்கள். மச்சான், அவன் பெண்டாட்டி, பாய், வெல்டர். அன்று பாய் உள்ளே வந்தார். என்னைப் பிடிக்கவிடவில்லை. நான் தலையணையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். ஆம்னியின் கதவை இழுத்து மூடினார்கள். சந்து குறுகல். வண்டி பின்னாலேயே போய் மெயின் ரோட்டில் திரும்பியது.

வெல்டர் டீ வாங்கிவந்தான். குடித்தோம்.

கறுப்புப் பெட்டி கார்த்திகை முடிகிற சமயத்தில் வந்தது. பாயே மாட்டினார். கடைக்காரரைத் தொடவிடவில்லை. மாட்டின பிறகு மூட்டுக்கு மூட்டு மெழுகு ஊற்றி, டயர் டியூபை வெட்டிச் சுற்றினார். சாவியைத் திருப்பினேன். ஓடியது. மீட்டர் மட்டும் ஓடவில்லை. உள்ளே துரு பிடித்துவிட்டது. வேறு மீட்டர் போட்டுவிடலாம் என்றார் பாய். வேண்டாம் என்றேன்.

நான் ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கவயலுக்கு ரயிலில் போய்வந்துகொண்டிருந்தேன். முதுகு நன்றாக இருந்தது. மச்சான் பெண்டாட்டி நன்றாகப் பார்த்துக்கொண்டாள். பொய் சொல்லக் கூடாது, நான் பார்த்ததைவிட நன்றாக. அவர்கள் வீட்டிலும் கட்டிலை ஜன்னல் ஓரம்தான் போட்டிருந்தார்கள். வண்டி சரியாகிவிட்டது என்று அவளிடம் சொன்னேன். பொங்கல் கழித்துக் கூட்டிப்போகிறேன் என்றேன். மச்சானும் சரி என்றிருந்தான். பேச்சை அவன் மாற்றவில்லை.

பொங்கலுக்கு நாலு நாள் முன்னால் பட்டறைக்குப் போன் வந்தது. மறுபடி அடைப்பு. தூக்கத்திலேயே போய்விட்டாள். முதலாளி காரில் எல்லாரையும் கூட்டிக்கொண்டு போனார். அங்கேயே எடுத்துவிட்டோம்.

அதற்கப்புறம் எனக்கு இரண்டாவது ஆபரேஷன் ஆனது. மறுபடி வேலைக்குப் போனேன். சைக்கிளில்தான். காலையில் போவேன், சாயங்காலம் வருவேன். மத்தியானம் பட்டறையிலேயே டப்பா. ஒரு மணிக்குக் கை தானாகத் துணியில் துடைத்துக்கொள்ளும். பிறகு உட்கார்ந்துவிடுவேன். ட்ரினிட்டி போலீஸ்காரர் மாறிவிட்டார். புதியவர் என்னைச் சுற்றித்தான் போகச் சொல்வார்.

ராத்திரி வயரைச் சொருகிவிட்டுப் படுப்பேன். காலையில் பார்த்தால் பச்சை. எப்போது வந்ததோ. அந்த பேட்டரி சீக்கிரம் போய்விட்டது. கடைக்காரர், நிறைந்த பிறகு எடுக்கவில்லையா என்று கேட்டார். இல்லை என்றேன். வேறு போட்டுக்கொண்டேன்.

அடுத்த ஆயுத பூஜைக்கு வாட்டர் சர்வீஸ்காரர் பைப்பை இழுத்துக்கொண்டு வந்தார். வெல்டர் ஓடிப்போய் என் சைக்கிளைப் பட்டறைக்குள் தள்ளி, பிளாஸ்டிக் கவரால் மூடி, அதன் எதிரே நின்றுகொண்டான். கழுவி முடித்து பைப்பைச் சுருட்டும் வரைக்கும் நகரவில்லை. பிறகு ஈரத்துணியால் அவனே துடைத்தான். சந்தனம் வைத்தான். மீட்டர் கண்ணாடியில் வைக்கப்போனவன் குனிந்து பார்த்தான். இது இன்னும் போன பூஜையிலேயே நிக்குதேண்ணா என்றான்.

நிற்கட்டும் என்றேன்.

காலையில் போக, மத்தியானம் வர, மத்தியானம் போக, சாயங்காலம் வர. ஓடினது அவ்வளவும் அதில் இருக்கிறது. இப்போதும் ஹாண்டிலில் இருக்கிறது. கண்ணாடி மங்கிவிட்டது, ஆனால் எண் தெரிகிறது.

4,962.